புரோட்டீன் ஸ்கிம்மர்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

கடல் மீன் தொட்டி வைக்க நினைக்கிறவர்கள் லைட்டுக்குச் செலவழிக்கும் முன்னால் தண்ணீரில் கரைந்த கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மருக்குப் பணம் ஒதுக்குங்கள். கொளத்தூரில் வாங்கிய ஸ்கிம்மர் பெரம்பூர் வீட்டுத் தொட்டியின் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியில்) சில வருஷமாக ஓடுகிறது. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து கரையும் புரதம், கொழுப்பு மூலக்கூறுகளில் ஒரு முனை தண்ணீரோடு சேரும், இன்னொரு முனை தண்ணீரைவிட்டு விலகும். விலகுகிற முனை ஸ்கிம்மர் விடும் காற்றுக்குமிழில் ஒட்டிக்கொள்ள, குமிழ் மேலேறி, ஸ்கிம்மரின் கழுத்தில் நுரையாகத் திரண்டு அதன் மேலுள்ள கப்பில் வழியும். காசிமேட்டில் அலை அடித்தபின் கரையில் தங்கும் நுரைக்கும் இதேதான் காரணம். சாதாரண ஃபில்டரில் சிக்கிய அழுக்கு தண்ணீருக்குள்ளேயே அழுகி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று மாறிக்கொண்டே போகும். ஸ்கிம்மர் அழுகும் முன்பே வெளியே எடுத்துவிடுகிறது. இதற்காகவே அதை நான் விடமாட்டேன். ஏற்கெனவே நைட்ரேட் ஆகிவிட்டதை மட்டும் அது தொடாது. அதற்குத் தண்ணீர் மாற்றித்தான் ஆகவேண்டும்.

தங்கமீன் தொட்டிக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். உப்பு இருந்தால்தான் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாக நிற்கும். நல்ல தண்ணீரில் நுரையே சரியாகக் கட்டாது.

புதிதாக மாட்டியதும் நுரை வராவிட்டால் பதற வேண்டாம், உள்சுவரில் மெல்லிய படலம் படியச் சில நாள் பிடிக்கும். அதன்பின் எல்லாமே பராமரிப்புதான். கழுத்தின் உள்பக்கம் பிசுக்கு ஏறினால் நுரை பாதியிலேயே உடைந்துவிடும். கப்பைக் கொட்டும்போதெல்லாம் கழுத்தையும் துடையுங்கள். காற்றுக்குழாய் முனையில் உப்பு அடைத்தால் வெந்நீர் போதும், பம்ப்பில் சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் ஊறவைக்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்ட அன்று நுரை அடங்கிவிடும், தானாகவே திரும்பி வரும், வால்வைத் திருகாதீர்கள். சம்ப் தண்ணீர் மட்டம் ஒரே அளவில் இருப்பது இதையெல்லாம்விட முக்கியம்.

கரண்ட் போய் வரும்போது கவனம். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் மெயின் பம்ப் நின்றதும் மேலே உள்ள மீன் தொட்டித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி மட்டம் உயர்ந்திருக்கும். கரண்ட் வந்தவுடன் ஸ்கிம்மர் பொங்கி, கப்பில் சேர்ந்த கறுப்புத் தண்ணீர் முழுக்க மறுபடி சம்ப்பிலேயே விழும். முதலில் மெயின் பம்ப்பைப் போட்டு, மட்டம் பழையபடி இறங்கியபின் ஸ்கிம்மரைப் போடுங்கள்.