பாட்டுக்குத் தானாக டேக்: ஆயத்த மாடலா, ஒலி ஒற்றுமையா?

அப்பாவின் கேசட்டுகளிலிருந்து மாற்றியவை, திருவிழாக்களில் நானே பதிவு செய்தவை, கச்சேரிகள் என ஹார்ட் டிஸ்க்கில் 11,000 கோப்புகள். பாதிக்கு மேல் 'ட்ராக் 01' என்றே கிடந்தன. அவற்றுக்கு டேக், அதாவது வாத்தியத்தையோ வகையையோ சொல்லும் அடையாளச் சொல், போட வேண்டியிருந்தது.

கடையில் வந்த பாடல்களுக்கு யோசிக்கவே வேண்டாம். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு என்ற டேக் போடும் மென்பொருளில் போட்டால், அக்கவுஸ்ட்ஐடி என்ற ஒலிரேகையை (கைரேகை போல ஒலிக்கான அடையாளம்) வைத்து எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிடும். தரவுத்தளத்தில் இல்லாத பதிவுகளுக்குத்தான் வேறு வழி வேண்டும்.

ஒன்று, எசென்ஷியா என்ற ஒலி ஆய்வு மென்பொருளுடன் கிடைக்கும் மியூசிசிஎன்என் போன்ற ஆயத்த மாடல், அதாவது ஏற்கெனவே பயிற்சி கொடுத்த நிரல். ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் டேக் தயார். ஆனால் மேக்னடேகட்யூன் என்ற, டேக் போட்ட பாட்டுத் தொகுப்பிலிருந்து அது கற்றுக்கொண்ட 50 டேக்குகளில் 'இந்தியன்' உண்டு, 'சித்தார்' உண்டு. நாதஸ்வரமும் தவிலும் இல்லை.

நான் எடுத்தது இரண்டாவது வழி. அதே மாடலிடம் டேக் கேட்காமல், ஒவ்வொரு பாடலின் ஒலியையும் அது சுருக்கித் தரும் எண்வரிசையை மட்டும் வாங்கிக்கொள்வது. எண்கள் நெருங்கினால் ஒலியும் நெருக்கம். 400 கோப்புகளுக்குக் கையால் டேக் போட்டேன். மீதியில், ஒரு பாடலுக்கு மிக நெருக்கமான ஐந்தில் நாலு ஒத்துப்போனால் அதற்கும் அதே டேக்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. போன மாதம் 'நையாண்டி மேளம்' என்று புது டேக் வேண்டியிருந்தது. பதினைந்து கோப்புகளுக்குக் கையால் போட்டு மறுபடி ஓட்டினேன், சில நிமிடம்தான். ஆயத்த மாடலில் புதிதாகப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் கையால் போட்டதையும் இயந்திரம் போட்டதையும் கட்டாயம் தனித்தனிப் புலத்தில் (பதிவு செய்யும் கட்டத்தில்) வையுங்கள். நான் முதலில் கலந்துவிட்டேன். தவில் தனி ஒன்றுக்கு 'பறை' என்று விழ, அடுத்த ஓட்டத்தில் அதன் அக்கம்பக்கமெல்லாம் பறையாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்தேன். இன்னொன்று, ஒரே கேசட்டின் பாடல்கள் இரைச்சல் ஒத்திருப்பதாலேயே ஒன்றுகூடிவிடும். ஆய்வாளர்கள் இதை ஆல்பம் விளைவு என்பார்கள். பக்கத்துப் பாடல்களை எண்ணும்போது அதே கேசட்டை விலக்கிவிட்டால் பெரிதும் சரியாகிறது.

லட்சம் பாடல் உள்ள தொகுப்பில் நான் இதை ஓட்டிப் பார்த்ததில்லை. அப்புறம், ராகத்துக்கு இதை நம்பாதீர்கள். வீணைக் கல்யாணிக்குப் பக்கத்தில் வீணை மோகனம்தான் வந்து நிற்கிறது, வாய்ப்பாட்டுக் கல்யாணி எங்கோ தள்ளி இருக்கிறது. ராக டேக்கை இன்றும் கேட்டுக் கேட்டுக் கையால்தான் போடுகிறேன்.