மகளிர் குழு லோன்: வட்டி மலிவு, நோட்டு எப்படி?

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் நகை, பத்திரம், ஜாமீன் எதுவும் கேட்காமல் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற கடன்களில் வங்கியின் மகளிர் குழு லோன்தான் மலிவு. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் லோன் வாங்கிய மறுவருடமே சிதறிப்போகிற குழுக்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் வட்டி இல்லை, கணக்கு நோட்டு. அதனால் இங்கே லோனைப் பற்றிக் கொஞ்சம், நோட்டைப் பற்றி நிறைய.

முதலில் விலை. 50,000 ரூபாயை 24 மாதத்தில், அசலைச் சமமாகப் பிரித்துக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குள் ஒரு ரூபாய் வட்டி என்றால் மொத்த வட்டி 6,250. ஊரில் ‘வாரக் குழு’ என்று சொல்லும் நுண்கடன் கம்பெனியில் ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் 12,500. வெளியில் அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,500 வீதம் 60,000 கட்டி முடித்த பிறகும் அசல் 50,000 அப்படியே நிற்கும்.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழுவுக்கு 3 லட்சம் வரை வங்கி வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம்தான். குழு அதை உறுப்பினர்களுக்கு 12 சதவீதத்துக்குக் கொடுத்தால், 1,50,000 ரூபாயில் இரண்டு வருடத்தில் 7,800 சொச்சம் குழுவுக்கே மிஞ்சும். 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புப் பணத்தைப் பிடித்துவைக்கக் கூடாது, லோனுக்காக டெபாசிட் போடச் சொல்லவும் கூடாது. இவை ரிசர்வ் வங்கி விதிகள். “லோன் முடியட்டும்மா, அதுவரைக்கும் சேமிப்பை எடுக்காதீங்க” என்று கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

தொடங்குவது சுலபம். ஒரே தெருவில், ஒருவர் நிலவரம் மற்றவருக்குத் தெரிந்த 12 முதல் 20 பெண்கள். வாரம் ஒரு கூட்டம், மாதம் 100 அல்லது 200 சேமிப்பு. குழுப் பொறுப்பாளர்களின் ஆவணத்தை வைத்தே சேமிப்புக் கணக்கு திறக்கலாம். ஆறு மாதம் ஒழுங்காகக் கூடி, சேமித்து, அந்தப் பணத்தில் உறுப்பினர்களுக்கு உள்கடன் கொடுத்து, திரும்ப வசூலித்து, நோட்டும் எழுதியிருந்தால் லோனுக்குத் தகுதி. விண்ணப்பத்துக்கு உதவ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலர்கள் இருக்கிறார்கள்.

முதல் லோன், குழு நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1,50,000, எது அதிகமோ அது. அடுத்தது எட்டு மடங்கு அல்லது 3 லட்சம். மூன்றாவது 6 லட்சத்திலிருந்து. ஆனால் மூன்றாவதுக்கு யார் என்ன தொழில், எவ்வளவு தேவை என்று நுண்கடன் திட்டம் எழுதித் தர வேண்டும். உண்மையில் அதை முதல் லோனுக்கே எழுத வேண்டும். எழுதாததன் விளைவு: 1,50,000 வந்ததும் 12 பேர் சமமாகப் பங்கு போட்டு ஆளுக்கு 12,500. அதில் கறவை மாடு வராது. ஆடு வாங்க என்று தீர்மானத்தில் எழுதிய பணம் காதுகுத்துச் செலவுக்குப் போகும். நாலு பேர் இப்போது பெரிதாக, எட்டு பேர் ஆறு மாதம் கழித்து என்று சுற்றுவிடுகிற குழுக்களில்தான் தொழில் நிற்கிறது. இதற்கு, வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டுகிற கேஷ் கிரெடிட் கணக்கு தோதானது. எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி.

இனி நோட்டு. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் மொய் நோட்டை எவ்வளவு கறாராக வைத்திருப்பார்கள் என்பது தெரிந்ததுதானே. பத்து வருடத்துக்கு முன் எழுதிய 101 ரூபாய்கூடத் தப்பாது. அதே வீட்டுக் குழு நோட்டைத் திறந்தால் மூன்று மாதம் வெள்ளையாக இருக்கும். அல்லது பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே கையில் ஓடியிருக்கும். குழுவை நடத்துகிற அனிமேட்டரே எல்லாம் எழுதட்டும் என்று விட்டதன் பலன் அது.

ஒரு கூட்டத்து வரவு செலவு இப்படி இருக்க வேண்டும். கையிருப்பு 320, சேமிப்பு 12 பேர் × 200 = 2,400, அசல் வசூல் 6,500, வட்டி 780. மொத்தம் 10,000. இதில் புதுக் கடன் 8,000, வங்கியில் கட்டியது 1,700, மீதி கையிருப்பு 300. இந்த 300-ஐப் பாயில் எண்ணி வைத்துவிட்டுத்தான் கையெழுத்து. அடுத்த கூட்டத்தில் 1,700-க்கான வங்கி சலான் நோட்டில் ஒட்டியிருக்க வேண்டும். சலான் இல்லாத டெபாசிட், டெபாசிட்டே இல்லை. தவணைப் பணத்தைப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வங்கி நோட்டீஸ் பார்த்துத் திடுக்கிடுகிற குழுக்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதிந்து வந்து, லோன் பாக்கியைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியும்.

புல்லுச்சேரி சின்னப்பிள்ளை பள்ளிக்கூடம் போனவர் இல்லை. களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தில் தலைமைக்கு வந்து 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆகவே ‘நமக்கு என்னம்மா தெரியும்’ என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் எடுபடாது.

அடுத்த கோளாறு தவணைத் தேதி. கறவை மாடு கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றும். அந்த இரண்டு மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். மல்லிகை இன்னும் வில்லங்கம். தங்கச்சிமடத்து நாற்றை நட்ட முதல் வருடம் சொல்லும்படி பூ வராது. வந்த பிறகும் கோடையில் பூ குவிந்து விலை சரியும், மார்கழிப் பனியில் விலை ஏறும்போது பூ இருக்காது. வங்கிக்கோ மாதாமாதம் ஒரே தொகை. மல்லிகைக்காரரை மட்டுமே நம்பிய குழு தடுமாறும். நாலு பால்காரர், ரெண்டு தையல், ரெண்டு பெட்டிக்கடை, மிச்சம் பூ என்று கலந்திருந்தால் ஒருவர் தடுமாறும்போது மற்றவர் தாங்கலாம்.

“உங்க குழுவுல ஒருத்தருக்குப் பழைய பாக்கி இருக்கு, லோன் இல்லை” என்று திருப்பி அனுப்பினால் அதோடு வந்துவிடாதீர்கள். குழு பாக்கி வைக்காதவரை, ஓரிருவரின் சொந்த நிலுவையைக் காரணம் காட்டிக் குழுவுக்கு மறுப்பது முறையல்ல. அந்த வங்கிக்கு நிலுவை வைத்தவருக்கு மட்டும் இந்த லோனில் பங்கு தரக் கூடாது, அவ்வளவுதான். இதைத் தீர்மான நோட்டில் பெயர் போட்டு எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு நகலை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

வங்கி வழியாக வருகிற மத்திய அரசின் வருடத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டையும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் ஒவ்வொருவர் சொந்தக் கணக்கிலும் போட்டுவையுங்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம். இவற்றைத் தவிர லோனோடு சேர்த்து நீட்டுகிற வேறு பாலிசிகளுக்கு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நோட்டுப் பெட்டி ஒருவர் வீட்டில் இருந்தால் சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும்.