நான்கடித் தொட்டியில் எம்புனா: சண்டையும் சாப்பாடும்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் பாறை மீன்களான எம்புனாவைச் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளில் நெடுநாள் வளர்த்தவர்கள் கடைசியில் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: இவற்றின் சண்டையையும் சாப்பாட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஏரியில் ஆண் மீன் காப்பது பாறையை மட்டுமல்ல, அதில் படர்ந்த பாசியையும்தான். நாள் முழுக்க அதைச் சுரண்டித் தின்னும் மீனுக்குத் தொட்டியில் ஒரே மூலையில், ஒரே வேளையில் தீனி கொட்டினால், அந்த மூலையைப் பிடித்த ஆண் மற்றவற்றை அடித்து விரட்டும்.

அதனால் தீனியைத் தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் தூவுங்கள். ஸ்பைருலினா என்னும் பாசித்தூள் கலந்த, மூழ்கும் சிறு குருணை நல்லது. ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும் அளவு, நாளைக்கு இரண்டு மூன்று முறை. வாரத்தில் ஒரு நாள் எதுவும் வேண்டாம். உப்புச் சேர்க்காத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்)க் கிளிப்பில் மாட்டினால் கும்பலாக வந்து கிழித்துத் தின்னும். அந்த நேரம் துரத்தல் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பாறையில் படரும் பச்சைப் பாசியைத் தேய்க்காதீர்கள். முன்கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும்.

உறைந்த ரத்தப்புழுவும் மாட்டிதயமும் இவற்றுக்கு ஆகாது. பாசி தின்னும் இனங்களின் குடல் நீளமானது. கொழுப்பும் புரதமும் மிகுந்த தீனியோடு மன உளைச்சலும் சேரும்போது வயிறு ஊதும் நோய் வருகிறது. வெள்ளையாக நூல்போல எச்சம், தீனியை வாயில் வாங்கித் துப்புவது, ஒதுங்கி நிற்பது ஆகியவை முதல் அறிகுறிகள். வயிறு ஊதிய பிறகு பிழைப்பது அரிது. மெட்ரோநிடசோல் மருந்து கொடுப்பதென்றால், இன்னும் தின்னும் நிலையிலேயே தொடங்க வேண்டும். ஒரு பெண் மீன் தின்னாமல் இருந்தாலே நோய் என்று பயப்படவும் வேண்டாம். தொண்டை புடைத்து, மெல்வதுபோல் வாய் அசைந்தால் முட்டையை வாயில் அடைகாக்கிறது என்று பொருள். மூன்று வாரம்போல அப்படியே இருக்கும்.

இனத் தேர்வில்தான் பலருக்குத் தொட்டி கெடுகிறது. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 மீன் கடைகளில் குஞ்சாகப் பார்க்கும்போது மஞ்சள் உடலில் கறுப்புக் கோடு போட்ட ஔரேட்டஸ் அழகாகத்தான் இருக்கும். வளர்ந்த ஆண் கறுப்பாகி, நான்கடித் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். வாங்காதீர்கள். எலக்ட்ரிக் யெல்லோ, ரஸ்டி, சொகோலோஃபி மூன்றும் சேர்ந்து இருபது மீன், ஒவ்வோர் ஆணுக்கும் மூன்று பெண் என்பது நிலைத்து நிற்கும் சேர்க்கை. டெமாசோனி வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குக் குறையாமல் வையுங்கள். நாலைந்து இருந்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

வாயோடு வாய் பிடித்து இழுப்பதும் துடுப்பை விரித்துக் காட்டுவதும் இயல்பு. நீர்மட்டத்து மூலையில் துடுப்பு கிழிந்து தொங்கும் மீனை அன்றே எடுத்துவிடுங்கள். அடிக்கும் ஆணை ஒரு வாரம் தனியே வைத்து, கற்களை மாற்றி அடுக்கியபின் திரும்ப விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். புது மீன் விடும்போதும் இதே முறைதான்: முதலில் தீனி, பிறகு கல் மாற்றம், விளக்கை அணைத்துவிட்டு மீன்.

கற்களை அடிக்கண்ணாடியில் மெத்தை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள், மணல் பிறகு. மணல்மேல் வைத்த கல்லின் அடியை மீன்கள் தோண்டிச் சரித்துவிடும்.

இந்த மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும்; நம் குழாய்த் தண்ணீரோ மென்மையானது. மாற்றும் தண்ணீரில் 50 லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடா கரைத்தால் கேஎச் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை) சுமார் 3 டிகிரி கூடும். ஃபில்டரில் பவளத் துண்டும் போடலாம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்னும் கிருமிநாசினி இருப்பதால் இரவு முழுக்கப் பிடித்து வைத்தாலும் போகாது. அது உடைந்து வரும் அம்மோனியா, பிஎச் (நீரின் அமில-கார அளவு) 8க்கு மேல் இன்னும் நஞ்சாகும். அம்மோனியாவையும் கட்டும் கண்டிஷனரையே (நீரைப் பக்குவப்படுத்தும் திரவம்) வாங்குங்கள். ஹீட்டர் இங்கே தேவையில்லை. மதிய வெக்கையில் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைந்து சண்டையும் கூடும். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வீசினால் இரண்டு டிகிரி இறங்கும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுக்காதீர்கள். வளர்ந்த மீனுக்கு ஒரு வாரப் பட்டினி ஒன்றும் செய்யாது. அதற்கு மேல் என்றால், ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து மடித்துக் கொடுங்கள்.