சைடு வீலா, பெடலைக் கழற்றுவதா, சீட்டைப் பிடித்து ஓடுவதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பை ஒட்டி ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. நானும் என் மகளும் மகனும் சைக்கிள் பழகியது அங்கேதான், ஆனால் ஆளுக்கொரு வழியில்.

என் காலத்தில் சிறுவர் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு எட்டாத பொருள். அப்பாவின் 28 அங்குலச் சக்கர வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தேன். பெரியப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். கணுக்காலில் செயின் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் அந்த முறையில் ஒரு நன்மை உண்டு: ஒரு கால் எப்போதும் தரைக்கு அருகிலேயே இருக்கும், வண்டி சாய்ந்தால் குதித்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 16 அங்குல சைக்கிள் வாங்கியபோது கடைக்காரரே சைடு வீலை மாட்டித் தந்தார். அன்று மாலையே ஓட்டினாள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது, அவள் ஓட்டப் பழகியது சைக்கிளை அல்ல, ஆட்டோவை. இரு சக்கர வண்டி திரும்பும்போது திரும்பும் பக்கமாகச் சாய வேண்டும். சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. ஹேண்டிலை மட்டும் வெடுக்கென்று ஒடித்தால் உடம்பு வெளிப்பக்கம் தூக்கி எறியப்படும். வேகமாக வளைந்த ஒரு நாள், சைடு வீல் இருக்கும்போதே கவிழ்ந்தாள்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. பள்ளமான தரையில் இரண்டு சிறு சக்கரங்களும் மேட்டில் நின்றுகொள்ள, பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அந்த நேரத்தில் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. சரிவான தோட்டத்துத் தடத்தில் இதை நேரில் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுத்துவிட்டேன். கழற்றியதும் மகள் முதல் நாள் பழகுபவளைப் போலத் திரும்பவும் ஆரம்பித்தாள். ஒரு வருடம் வீண் என்று சொல்லமாட்டேன், பெடல் அடிக்கக் கற்றிருந்தாள். ஆனால் அதுதான் இருப்பதிலேயே எளிய பாடம்.

பிறகு சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "பிடித்திருக்கிறீர்களா அப்பா?" என்று அவள் கேட்க, "பிடித்திருக்கிறேன்" என்று பத்தடி தள்ளி நின்று பொய் சொன்னேன். எல்லா அப்பாக்களும் சொல்லும் பொய்தான். பலிக்கவும் செய்கிறது. ஆனால் பிள்ளை திரும்பிப் பார்த்த கணத்தில் விழும். விழுந்த வலியைவிட நம்மேல் வரும் கோபம் நெடுநாள் நிற்கும். ஓடித்தான் ஆகவேண்டும் என்றால் ஹேண்டிலைத் தொடாதீர்கள். நம் கை வண்டியைத் திருப்பினால் பிள்ளைக்கு எதுவும் பிடிபடாது. அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் லேசாகத் தாங்கினால் சாய்வை அதுவே சரிசெய்யப் பழகும். நம் இடுப்புக்கு உத்தரவாதம் இல்லை.

மகனுக்கு இரண்டு பெடலையும் கழற்றிவிட்டேன். இதற்கென்றே பெடல் இல்லாத வண்டிகள் கடையில் விற்கின்றன, ஆனால் ஒரு வருடத்தில் சிறியதாகிவிடும் பொருளுக்குத் தனியாகக் காசு எதற்கு? பெரும்பாலும் 15 எண் ஸ்பேனர் போதும். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் உந்திப் போகச் சொன்னேன். 1817இல் ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் ட்ரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கும் பெடல் கிடையாது. தரையை உதைத்துத்தான் போனார்.

மகன் முதல் இரண்டு நாள் நடந்தான். அடுத்து ஓடினான். ஒரு வாரத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு களத்தின் பாதி தூரம் மிதந்தான். விழப்போனால் கால் தானாக ஊன்றியது, என் குரங்குப் பெடலில் இருந்த அதே பாதுகாப்பு. பெடலைத் திரும்ப மாட்டிய அன்றே ஓட்டிவிட்டான். இங்கே பிள்ளைகள் மிதிப்பதைச் 'சவிட்டு' என்பார்கள், மலையாளம் தந்த சொல். "அப்பா, சவிட்டினாலும் விழவில்லை!" என்று அவன் கத்தியது எனக்கு இன்னும் இனிக்கிறது. என் ஓட்டு இந்த முறைக்குத்தான். குறை ஒன்று: காலாலேயே நிறுத்திப் பழகிவிடுகிறார்கள், பிரேக் மறந்துபோகிறது. தேங்காய் மட்டையைக் கோடு போல வைத்து, அதைத் தொடுவதற்குள் கைப் பிரேக்கால் மட்டும் நிற்கச் சொல்லி அதைச் சரிசெய்தேன்.

ஹெல்மெட் மூன்றுக்கும் பொது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும், பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றி அம்போ.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கினால் நல்லது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றும் திறந்துகொள்ளும். கிழக்கே பார்த்து விட்டால் காற்றே தள்ளிக்கொண்டு போகும், பிள்ளை பயந்துவிடும். மேற்கே பார்த்து விட்டால் நகராது. பக்கக் காற்றில் காற்றை நோக்கிக் கொஞ்சம் சாய வேண்டும், சைடு வீல் பிள்ளைக்கு அதுவும் முடியாது.

களத்தில் ஓட்டுவது ஒன்று, பொள்ளாச்சி சாலையில் ஓட்டுவது வேறு. கள்ளு வண்டிகளும் வைக்கோல் லாரிகளும் வரும் வழி அது. எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் சின்னப் பிள்ளைகளுக்கு முழுதாக வந்திருக்காது. எந்த முறையில் பழகினாலும் அது மாறாது. வாய்க்கால் கரையும் எங்கள் வீட்டில் தடைதான்.

சாலைக்கு அனுப்ப நான் வைத்திருக்கும் தேர்வு ஒன்றே. நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே வலத்தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்கும் நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். வண்டி விலகக் கூடாது. மகள் தேறிவிட்டாள். மகன் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு விரலைப் பார்த்து மூன்று என்றான், நேராகத் தேங்காய்க் குவியலுக்குள்ளும் போனான்.