சின்ன சிஎன்சி மில்லில் டேப்பிங்கும் விரைவு டூல் மாற்றமும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டி செய்வது என் பொழுதுபோக்கு. எனக்கும் செய்வேன், நண்பர்களுக்கும் செய்வேன், எப்போதாவது காசு கொடுத்துக் கேட்பவர்களுக்கும் செய்வேன். ஒரு பெட்டி என்றால் முன்தகடு, பின்தகடு, இரண்டு பக்கமும் ஹீட்சிங்க். எல்லாம் அலுமினியம். எங்கு பார்த்தாலும் எம்3, எம்4 மரை. இயந்திரம் பிஎஃப்20 வகை மேசை மில்: ஆர்8 என்ற அளவுச் சரிவுள்ள ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் தண்டு), மூன்று அச்சுக்கும் பால்ஸ்குரூவும் ஸ்டெப்பர் மோட்டாரும், கட்டுப்பாட்டுக்கு லினக்ஸ்சிஎன்சி மென்பொருள். கோவையில் கணபதி பக்கம் வீட்டின் பின்னால் ஒரு ஷெட்டில் ஓடுகிறது.

இதில் விரைவு டூல் மாற்றத்தையும் டேப்பிங்கையும் (துளைக்குள் மரை போடுவதையும்) சேர்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. புதிதாக வாங்கிய சந்தோஷத்தில் எழுதினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பழகித் தேய்ந்த பிறகு என்ன நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். இந்த இரண்டும் தனித்தனி மேம்பாடுகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒன்றின்மேல்தான் மற்றொன்று நிற்கிறது. டூலைக் கழற்றித் திரும்ப மாட்டினால் அதே நீளத்தில் வந்து உட்கார வேண்டும். அது நடக்காத இயந்திரத்தில் டேப்பிங்கைச் சேர்ப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

காரணம் எளிது. எம்4 மரை ஒன்றுக்கு ஸ்பாட் ட்ரில், 3.3 மி.மீ. ட்ரில், வாய்ச் சரிவுக்குக் கவுண்டர்சிங்க், கடைசியில் டேப் என்று நான்கு டூல் வேண்டும். அதே தகட்டில் எம்3 இருந்தால் 2.5 ட்ரில்லும் இன்னொரு டேப்பும் சேரும். சுற்றுவெட்டுக்கு எண்ட்மில். டூலைக் கவ்விப் பிடிக்கும் சாதாரண ஆர்8 கோலெட்டில் இவற்றை மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் மேலே ஏறி, கோலெட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபார் என்ற கம்பியைத் தளர்த்தி, தட்டி, கோலெட்டையே மாற்றி, மறுபடி இசட் (மேல்-கீழ் அச்சு) பூஜ்யம் எடுக்க வேண்டும். நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தொல்லைக்குப் பயந்து வரைபடத்திலேயே மரைகளைக் குறைக்க ஆரம்பித்துவிடுவோம். வடிவமைப்பை டூல் மாற்றம் தீர்மானிக்கும் நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எடுத்தது டிடிஎஸ் (டார்மாக் டூலிங் சிஸ்டம்) முறை. அமெரிக்காவின் டார்மாக் நிறுவனம் தன் மில்களுக்காகக் கொண்டுவந்தது. இப்போது மற்றவர்கள் செய்யும் ஹோல்டர்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்பிண்டிலுக்குள் முக்கால் அங்குல, அதாவது 19.05 மி.மீ. ஆர்8 கோலெட் ஒன்று நிரந்தரமாக இருக்கும். ஒவ்வொரு டூலும் தனக்கென ஒரு ஹோல்டரில் இருக்கும். ஹோல்டரின் தண்டு நேரானது, தண்டுக்குக் கீழே ஒரு விளிம்பு. டிராபாரை இறுக்கும்போது கோலெட் மேலே ஏறிக்கொண்டே தண்டைக் கவ்வும். அந்த இழுப்பில் விளிம்பு ஸ்பிண்டிலின் அடி முகத்தில் போய் அழுந்தி நிற்கும். நீளத்தைத் தீர்மானிப்பது அந்த விளிம்புதான். கோலெட்டின் சரிவு எவ்வளவு ஆழம் ஏறியது என்ற கேள்வியே வராது.

இது சரியாக நடக்க இரண்டு விஷயம் வேண்டும். கோலெட்டின் அடிப்பகுதி ஸ்பிண்டில் முகத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். துருத்தினால் விளிம்பு கோலெட்டில் உட்காரும், முகத்தில் உட்காராது. அதனால் இந்த முறைக்கென்று குட்டையாக்கி விற்கும் கோலெட்டையே வாங்குங்கள். இன்னொன்று, ஸ்பிண்டில் முகம் சுத்தமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். சீன மில்களில் அந்த முகத்தை ஒரு ஆதாரப் பரப்பாக நினைத்து யாரும் முடிப்பதில்லை. டயல் இண்டிகேட்டரை முகத்தில் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னுடையதில் விளிம்போரத்துப் பிசிறை எண்ணெய்க்கல்லால் லேசாக எடுத்ததே போதுமாக இருந்தது. இன்றைக்கும் ஒரே ஹோல்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் டயல் முள் 0.02 மி.மீ.க்குள்தான் ஆடுகிறது. பெட்டி வேலைக்கு அது தாராளம்.

இந்த முறையின் பலவீனம் பிடிமானம். பெரிய இயந்திரங்களின் பிடி30 மாதிரியான ஹோல்டரை அதன் பின்னால் இருக்கும் புல் ஸ்டட் என்ற குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே வெறும் உராய்வுதான். சுருள் கோணம் அதிகமான எண்ட்மில் ஆழமாக வெட்டும்போது டூலைக் கீழே இழுக்கும். ஹோல்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். இதற்கு மருந்து சுத்தம்தான். தண்டும் கோலெட்டின் உட்துளையும் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். கோலெட்டின் வெளிச்சரிவும் டிராபார் மரையும் லேசாக கிரீஸ் கண்டிருக்க வேண்டும். உள்ளே வறட்சி, வெளியே வழுக்கல். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு முறையைக் குறை சொல்கிறார்கள். கூலன்ட் அடிக்கும் வேலை என்றால் தண்டைத் துடைக்காமல் மாட்டவே கூடாது. பக்கத்தில் ஒரு துணி எப்போதும் தொங்கட்டும்.

ஹோல்டரில் டூலைப் பிடிப்பது பெரும்பாலும் இஆர்20 கோலெட். 1 முதல் 13 மி.மீ. வரை பிடிக்கும் என்பதால் எங்கள் வேலைக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. கோலெட்டை முதலில் நட்டுக்குள் ‘டக்’ என்று மாட்டிவிட்டு, அப்புறம்தான் ஹோல்டரில் வைக்க வேண்டும். இறுக்கும்போது டூல் சற்று உள்ளே போகும். அதனால் நட்டை முழுதாக இறுக்கிய பிறகே நீளம் அளக்க வேண்டும். அளந்ததை டூல் டேபிளில் ஏற்றிவிட்டால் நிரலில் டூல் மாற்றச் சொல்லும் எம்6 கட்டளைக்குப் பின் வரும், டூல் நீளத்தைச் சரிக்கட்டும் ஜி43 மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ட்ரில் உடைந்தாலோ எண்ட்மில் மாற்றினாலோ மட்டும்தான் திரும்ப அளக்கிறேன்.

பவர் டிராபார் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என்னுடையது காற்றுச் சிலிண்டர் வகை. டூலைப் பிடித்து வைத்திருப்பது காற்று இல்லை; டிராபாரின் மேல் அடுக்கியிருக்கும் பெல்வில் வாஷர்கள். கிண்ணம் போல் குவிந்த இந்த வாஷர்கள் சிறிய இடத்தில் பெரிய விசை தரும். சுமார் 6 பார் காற்று வந்து அவற்றை அமுக்கினால் கோலெட் திறக்கும். ஆக, கம்ப்ரசர் நின்றாலும் டூல் விழாது. வாங்குவதானாலும் சொந்தமாகச் செய்வதானாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: சிலிண்டர் அமுக்கும் விசை எங்கே போய் முடிகிறது? நேராக ஸ்பிண்டில் பேரிங் மேல் இறங்கினால் ஒவ்வொரு டூல் மாற்றமும் பேரிங்குக்கு ஒரு அடி. சிலிண்டர் ஸ்பிண்டிலின் மேல்முனையையே கவ்விக்கொண்டு அமுக்கும் அமைப்பில் அந்த விசை ஸ்பிண்டிலுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். விலை கூடினாலும் அதுதான் வேண்டும். ஸ்பிண்டில் சுற்றும்போது வால்வு திறக்காதபடி இன்டர்லாக்கும் கட்டாயம்.

காற்று இம்பாக்ட் ரென்ச்சை மேலே உட்காரவைத்து டிராபாரைத் திருக்கும் மலிவான வழியும் இருக்கிறது. நண்பர் ஒருவர் அதில்தான் ஓட்டுகிறார். வேலை நடக்கிறது. ஆனால் இறுக்கம் காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். சத்தமும் தாங்காது, குடியிருப்புப் பகுதியில் இரவில் நினைத்தே பார்க்க முடியாது.

இனி டேப்பிங்.

பெரிய இயந்திரங்களில் ரிஜிட் டேப்பிங் என்றால் ஸ்பிண்டில் எவ்வளவு திரும்புகிறதோ அதற்கு அணுவளவும் பிசகாமல் இசட் இறங்கும். அதற்கு ஸ்பிண்டிலில் சுழற்சியை அளக்கும் என்கோடர் வேண்டும். லினக்ஸ்சிஎன்சி ஜி33.1 கட்டளையில் இதைச் செய்யும், நன்றாகவே செய்யும். ஆனால் இசட்தான் ஸ்பிண்டிலைப் பின்தொடர்கிறது என்பதை மறக்கக் கூடாது. திசை மாறும் நேரத்தில் ஸ்பிண்டில் எவ்வளவு ஓடிப்போகிறதோ அவ்வளவு ஆழம் டேப்பும் கூடவே போகும். கனமான தலையை ஸ்டெப்பர் தூக்கும் என் இயந்திரத்துக்கு இதில் முதலீடு செய்ய மனம் வரவில்லை. டென்ஷன் கம்ப்ரெஷன் ஹோல்டர் வாங்கினேன். உள்ளே ஸ்பிரிங் வைத்து டேப் மேலும் கீழும் சில மில்லிமீட்டர் மிதக்கும்படி செய்திருப்பார்கள். ஸ்பிண்டிலுக்கும் இசட்டுக்கும் இடையில் வரும் பிசகை அந்த மிதப்பு விழுங்கிவிடும்.

கணக்கு இப்படி. ஊட்டம் (இசட் இறங்கும் வேகம்) என்பது சுழற்சி வேகம் பெருக்கல் மரையிடை (ஒரு சுற்றுக்கு மரை நகரும் தூரம்). எம்3-க்கு மரையிடை 0.5, 300 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 150 மி.மீ. நான் அதைவிடச் சற்றுக் குறைவாக, 97 சதவீதம் அளவில் கொடுக்கிறேன். அப்போது டேப் முன்னே போய் ஹோல்டரைத் தானே இழுத்துக்கொள்ளும்; மேலிருந்து தள்ளி மரையைச் சீவாது. அடியில் ஸ்பிண்டில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 300-லிருந்து நிற்க அரை விநாடி ஆனால், அதற்குள் டேப் இன்னும் ஒன்றேகால் சுற்று சுற்றியிருக்கும். எம்3-இல் அது 0.6 மி.மீ. மட்டும். எம்8-இல் 1.5 மி.மீ.க்கு மேல். முட்டுத் துளை (மறுபக்கம் திறக்காத துளை) என்றால் அந்த ஆழத்தை ட்ரில்லிலேயே கூட்டி விட வேண்டும்.

உங்கள் மில்லில் பழைய டிசி மோட்டார் போர்டு இருந்தால் இந்த வழிக்கு வருவதற்கு முன் அதன் கையேட்டைப் படியுங்கள். அவற்றில் பலவற்றை ஓடும்போதே திசை திருப்பக் கூடாது, போர்டு போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் டாப்மேட்டிக் மாதிரியான தானாகத் திசை மாறும் தலைகள். ஸ்பிண்டில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே தூக்கினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் டேப்பைத் திருப்பிச் சுற்றும். அருமையான பொறிமுறை, டேப் வெளியே வரும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் தலை உயரமாக இருப்பதால் சின்ன மில்லின் இசட் இடத்தில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். அதன் உடல் சுற்றாமல் நிற்க ஒரு கை நீட்டிக்கொண்டு நிலையான கம்பத்தில் முட்ட வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்தக் கையைச் சரியான பக்கம் வைக்க வேண்டியிருப்பதால் விரைவு மாற்றத்தின் விரைவு போய்விடுகிறது.

என் மிதக்கும் டேப் ஹோல்டரின் முனையில் பில்ஸ் பாணி அடாப்டர் வருகிறது. வளையத்தைத் தள்ளினால் டேப்போடு கழன்று வரும். எம்3-க்கு ஒன்று, எம்4-க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது டேப்பின் தண்டைக் காலிப்பரில் அளந்து சொல்லி வாங்குங்கள். எம்6 என்று சொன்னால் மட்டும் போதாது. ஐஎஸ்ஓ டேப்பின் தண்டு 6.3 மி.மீ., சதுரம் 5. ஜெர்மன் தரமான டின் (DIN) 371 என்றால் தண்டு 6, சதுரம் 4.9. ஜப்பான் முறையில் தண்டு 6, சதுரம் 4.5. நம் ஊர்க் கடைகளில் டோட்டம், எம்கே டேப்களோடு சீன டேப்களும் கலந்தே கிடைப்பதால் இது முக்கியம்.

கொஞ்சம் கூடுதல் விலையில் கிளட்ச் உள்ள அடாப்டர் கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். பக்கத்துப் பட்டறை அண்ணன் முதலில் இதைப் பார்த்துவிட்டு, "கையில போட்டா எங்க இறுக்குதுன்னு டேப்பே சொல்லுமுங்க தம்பி, மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கிளட்ச்தான் பதில். டேப் முட்டினால் வழுக்கி நின்றுவிடும். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. வளையத்தைத் தள்ளித் தலையை மேலே தூக்கிவிட்டு, துளையில் நிற்கும் டேப்பைக் கையால் பின்னோக்கித் திருகி எடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட என் வேலையை மாற்றியது ஃபார்ம் டேப். ரோல் டேப் என்றும் கேட்கலாம். இது உலோகத்தை வெட்டாது, நெருக்கி மரையாக்கும். சீவலே வராது. ஹீட்சிங்கில் டிரான்சிஸ்டர் பூட்டும் எம்3 முட்டுத் துளைகளில் டேப் உடைவதற்குக் காரணமே அடியில் சேரும் சீவல்தான். சீவல் இல்லை என்றால் அந்தப் பயமே இல்லை. தண்டில் பள்ளம் இல்லாததால் டேப்பும் வலுவானது. ஆனால் ட்ரில் அளவு வேறு: எம்3-க்கு 2.5 இல்லை, 2.8, எம்4-க்கு 3.7. இந்தத் துளை அளவு கொஞ்சம் தவறினாலும் மரையில் தெரியும், அதனால் நல்ல ட்ரில் வேண்டும். முறுக்கு விசையும் அதிகம் கேட்கும், எண்ணெய் தாராளமாக வேண்டும். நெருக்கப்பட்ட உலோகம் துளை வாயில் மேலே புடைத்து நிற்கும். டிரான்சிஸ்டரின் அடி ஹீட்சிங்கில் படியாமல் இந்தப் புடைப்பில் உட்கார்ந்தால் சூடு இறங்காது. அதனால் டேப் இறங்கும் முன்பே வாயைச் சரித்துவிட வேண்டும். கவுண்டர்சிங்க் எப்போதும் ரேக்கில் இருப்பது இதற்காகத்தான். அதை மாற்றுவது சில விநாடி வேலையாக இல்லாவிட்டால் இந்தச் சரிவை யார் பொறுமையாகச் செய்வார்கள்?

வெட்டும் டேப்தான் வேண்டும் என்றால் அதிலும் தேர்வு இருக்கிறது. ஊடுதுளைக்கு ஸ்பைரல் பாயின்ட். சீவலை முன்னே தள்ளிக்கொண்டு போகும். முட்டுத் துளைக்கு ஸ்பைரல் ஃப்ளூட்; சீவலை மேலே இழுத்து வரும். நேர்ப் பள்ளமுள்ள கை டேப்பை மெஷினில் மாட்டவே வேண்டாம். எம்8-க்கு மேல் போனால் நான் திரெட் மில்லிங்குக்கு (சிறு கட்டரைச் சுருளாக ஓட்டி மரை வெட்டுவதற்கு) மாறிவிடுகிறேன். மெதுவான வேலைதான், ஆனால் கட்டர் துளையைவிடச் சிறியது. உடைந்தாலும் துளைக்குள் சிக்கிக்கொண்டு ஜாபைக் கெடுக்காது.

எந்த வரிசையில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் கோலெட்டும், அடிக்கடி புழங்கும் டூல்களுக்குப் போதுமான ஹோல்டர்களும். டிராபாரைக் கொஞ்ச நாள் ஸ்பானரால் இறுக்கினால் ஒன்றும் ஆகாது. ஹோல்டர் ஒன்றின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், எத்தனை வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போகும். அடுத்து மிதக்கும் டேப் ஹோல்டரும் ஃபார்ம் டேப்களும். பவர் டிராபார் கடைசியில். அது சுகம், மற்ற இரண்டும் அவசியம்.

இத்தனைக்கும் பிறகும் ஸ்டெயின்லெஸ்ஸில் எம்3 மரையை மட்டும் நான் மெஷினிடம் விடுவதில்லை. துளையை மெஷின் போடும். பிறகு அதே இடத்தில் ஸ்பிரிங் வைத்த கூர்முனை ஹோல்டரை மாட்டி, டேப் ரென்ச்சின் தலைக்குழியில் முனையை அழுத்தி நேராக நிற்கவைத்துவிட்டு, எண்ணெய் விட்டுக் கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பி இறக்குகிறேன்.