கடை போர்டுக்கு எந்த எழுத்துரு: இம்பாக்டா, பெபாஸா, ஆஸ்வால்டா?

இடம் குறைவு, பெயர் நீளம், எதிர்ச்சாரியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்றால் ஒடுக்கமான தடித்த எழுத்துருதான் ஒரே வழி. ஆனால் எல்லாம் ஒன்றுதானே என்று கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போஸ்டருக்கு பெபாஸ் நியூ, ஆங்கில போர்டுக்கு ஆஸ்வால்ட்.

இம்பாக்ட் விண்டோஸோடு சேர்ந்தே வருவதால் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். 1965-இல் ஜெஃப்ரி லீ வரைந்து இங்கிலாந்தின் ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் அச்சுக்காக வார்த்த ஈய எழுத்து அது. கண்ணில் அறைவதற்கென்றே செய்தது, அந்த வேலையை இன்றும் நன்றாகவே செய்கிறது. 'சேல்' என்று நாலே ஆங்கில எழுத்தை பேனர் அகலத்துக்குப் போட இதை மிஞ்ச ஆள் கிடையாது. கடையின் முழுப் பெயரைப் போட்டால்தான் சிக்கல். எழுத்துக்குள் வெள்ளை ஒரு கீற்றுதான் மிஞ்சும், தள்ளி நின்று பார்த்தால் சின்ன 'ஏ', 'ஈ', 'எஸ்' மூன்றும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும், ராத்திரியில் பின்னால் விளக்கு எரிந்தால் இன்னும் மோசம்.

பெபாஸ் நியூ ஜப்பானின் ரியோஇச்சி சுனேகாவா செய்தது. அழகு, இலவசம், எண்களும் கேப்பிட்டல் உயரத்திலேயே நிற்பதால் போன் நம்பர் பிரமாதமாக அமையும். சின்ன எழுத்து மட்டும் கிடையாது, எதைத் தட்டினாலும் கேப்பிட்டல்தான். இரண்டு மூன்று சொல்லுக்குச் சரி, முகவரியையும் அதிலேயே போட்டால் எங்கே கண்ணை வைப்பது என்றே தெரியாது.

லீக் காதிக் என்று இன்னொன்றும் உண்டு, அதன் மூல வடிவம் 1903-இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக். ரொம்ப ஒல்லி, நெடுக்கான போஸ்டருக்கு ஓகே. வெர்னான் ஆடம்ஸின் ஆஸ்வால்டும் அதே வம்சம்தான், ஆனால் திரையில் படிப்பதற்காகத் திருத்தி வரைந்தது என்பதால் கொஞ்சம் அகலம், உள்ளே காற்றோட்டம் இருக்கிறது. சின்ன எழுத்தும் உண்டு, தடிமன் 200 முதல் 700 வரை (எண் கூடக் கூடத் தடிமனும் கூடும்). பெயரை 600-இல், முகவரியை 400-இல் என்று ஒரே குடும்பத்தில் வேலையை முடித்துவிடலாம்.

அப்புறம், சாதாரண ஃபாண்டை கோரல்டிரா மென்பொருளில் பக்கவாட்டில் அமுக்கி ஒடுக்கும் பழக்கம் தயவுசெய்து வேண்டாம். நிற்கும் கோடுகள் மெலிந்துபோகும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும், எழுத்தே கோணலாகிவிடும்.

தமிழ் போர்டில் இந்தக் கொடுமை இன்னும் அதிகம், ஏனென்றால் மேலே சொன்ன நாலிலுமே தமிழ் இல்லை. அதற்கு நான் எடுப்பது மும்பையின் ஏக் டைப் நிறுவனம் செய்த அனேக் தமிழ். அகலத்தை 75-லிருந்து 125 வரை மாற்றலாம் (100 என்பது சாதாரண அகலம்), ஒடுக்கமும் முறையாக வரைந்த ஒடுக்கம், ஆங்கில எழுத்தும் கூடவே வருகிறது. அதனால் இரண்டு மொழி போர்டு என்றால் ஆஸ்வால்டைக்கூட விட்டுவிட்டு இதையே இரண்டுக்கும் போடுவேன். தடிமன் 800 வரை போகும், ஆனால் 75 அகலத்தில் 800 வைத்தால் 'ண'வின் சுழிகள் நெருக்கியடித்துக்கொள்ளும். 'அண்ணாமலை' என்று அடித்துப் பாருங்கள், தெரியும். 600-இல் நிறுத்தினால் சுழி ஒவ்வொன்றும் திறந்திருக்கும், எழுத்தின் கனமும் குறையாது.