கொல்லைக் கக்கூஸ் நாற்றம்: குழாயா, ஜாலியா, ஃபேனா?

ஆடிக் காற்று அடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைக் கக்கூஸால் யாருக்கும் தொந்தரவு இல்லை. புரட்டாசியில் காற்று நின்று புழுக்கம் ஏறியதும் நாற்றம் கிணற்றடியைத் தாண்டிச் சமையற்கட்டுக்கே வந்துவிடும். ஃபினாயில் ஊற்றினால் அரை மணி நேரம் தாங்கும். பிறகு இரண்டு வாசனையும் சேர்ந்து வரும். காற்றோட்டம்தான் வழி என்று முடிவானபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கொத்தனார் சுவரில் சிமெண்ட் ஜாலி, அதாவது காற்று போக ஓட்டை விட்ட சிமெண்ட் பலகை, வைக்கலாம் என்றார். எலக்ட்ரீஷியன் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றார். சித்தப்பா மட்டும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயைக் காட்டி, "குழாயை உசத்துப்பா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்.

நாற்றம் குழியிலிருந்து வருகிறதா, அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று தெரியாமல் இந்த மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் வீட்டில் பீங்கான் கோப்பை. அதன் அடியில் வளைவில் நிற்கிற தண்ணீர் செப்டிக் டேங்க் வாயுவை மேலே விடாமல் மறித்துவிடும். சித்தப்பா வீட்டில் குழிக்கு நேர் மேலே துளை போட்ட கல். மறிக்க ஒன்றுமே இல்லை. அந்தத் துளையருகே ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை கீழே இறங்கினால் குழி காற்றை உள்ளே இழுக்கிறது, கவலை இல்லை. முகத்துக்கு வந்தால் நாற்றமும் அந்த வழியாகத்தான் வருகிறது.

துளைக்கல் போட்ட கக்கூஸுக்குக் குழாயை மிஞ்சிய வழி இல்லை என்பது என் கட்சி. 1970களில், அன்றைய ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பிளேர் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மார்கன் உருவாக்கிய முறை இது. குழியிலிருந்து ஒரு குழாய் நேராக மேலே போகும். குழாய் வாயைக் காற்று உரசிக்கொண்டு போகும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகி, அறைக்காற்று துளை வழியாகக் கீழே இறங்கிக் குழாய் வழியாக மேலே வெளியேறும். குழாய்க்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் வெயிலில் சூடேறிக் கொஞ்சம் உதவும், ஆனால் பெரும்பங்கு வேலை காற்றுடையது. மணிக்கு 20 கன மீட்டர் காற்று நகர்ந்தால் போதும் என்பது கணக்கு. நாலுக்கு நாலு அடி, ஏழடி உயர அறை என்றால் மணிக்கு ஆறு முறை அறைக்காற்று முழுதாக மாறுகிறது.

நம் ஊரில் சொதப்புவது குழாய் போடுகிற விதத்தில்தான். இரண்டு அங்குலக் குழாயைப் போட்டு, சன்சைடுக்கு அடியில் எல்போ வைத்து மடக்கி முடித்துவிடுவார்கள். வேண்டியது ஆறு அங்குல பி.வி.சி. குழாய், வளைவே இல்லாமல், கூரைக்கு மேல் குறைந்தது 50 செ.மீ. உயரத்தில். பக்கத்தில் தென்னை கவிந்திருந்தால் காற்று குழாய் வாயை எட்டாது. சித்தப்பா வீட்டில் இதுதான் சிக்கல், மரத்தை வெட்டவும் மனசில்லை. இன்னொரு தப்பு, துளையைப் பலகையால் மூடி வைப்பது. மூடினால் இழுக்கக் காற்று ஏது? குழாய் வாயில் வலை கட்டி, அறையைக் கொஞ்சம் இருட்டாக வைத்தால், குழியிலிருக்கும் ஈக்கள் வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்குள் ஏறி வலையில் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் குழாய்க்கும் இதே பாடம்தான், அளவுதான் வேறு. டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் குழாய் கட்டடத்தின் உச்சிக்கு மேல் சுமார் 2 மீட்டர் போக வேண்டும். எங்களுடையது சமையற்கட்டு ஜன்னல் மட்டத்தில் நின்றிருந்தது. அப்புறம் வாசனை எங்கே போகும்?

ஜாலி நல்லதுதான், ஆனால் கோப்பை உள்ள அறைக்கு. சிறுநீரின் அமோனியா காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அதனால் கூரையை ஒட்டி ஒரு ஜாலி, கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி என்று இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும். டெல்டாவில் ஆடியில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு என்று காற்று திசை மாறுவதால் எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் வருஷம் முழுக்கப் பயன்படும். துளைக்கல் அறையில் இப்படிச் செய்யாதீர்கள். ஒரு பக்கம் வந்த காற்று மறுபக்கம் போய்விடும், குழிக்குள் இறங்காது.

ஃபேன் எனக்குக் கடைசி. 30 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட், இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதி. கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை, துளைக்கல் அறைச் சுவரில் ஃபேன் வைத்தால் அது குழிக்காற்றையே மேலே இழுத்து உங்கள் மூக்கு வழியாக வெளியே அனுப்பும். கோப்பை அறையிலும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வளைவுத் தண்ணீர் வற்றியிருந்தால் அதே கதிதான். ஜாலி வைக்கவே இடமில்லாத, சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நான் ஃபேனைச் சொல்வேன், அதுவும் குளிக்கும் நேரத்துக்கு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பிவிட்டால் இந்த மூன்றுமே கைகொடுக்காது. அது காற்றோட்டப் பிரச்சினை இல்லை.

நாங்கள் கடைசியில் குழாயை உயர்த்தி, அதிலிருந்த எல்போவை எடுத்து, அறையில் கூரையை ஒட்டி ஒரு ஜாலியும் வைத்தோம். குழாய் வாயில் கட்டுகிற வலைக்கு இரும்பு வேண்டாம், குழிவாயு சீக்கிரம் அரித்துவிடும். எவர்சில்வர் வலை நல்லது. சித்தப்பா தென்னையைத் தொடாமல் இன்னொரு துண்டுக் குழாயைச் சேர்த்து உயர்த்தியிருக்கிறார். மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி, குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார், சிலந்தி வலை அறுபட.